"வெறி" என்று தீர்ப்பு எழுதும் முன்: மதுரை வட்டாரப் பட்டிமன்ற நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை, திண்டுக்கல், தேனி, சிவகங்கை, விருதுநகர் வட்டாரங்களில் பள்ளி, கல்லூரிப் பட்டிமன்றங்களையும் பேச்சுப் போட்டிகளையும் நடத்தும் அமைப்பாளர்களுக்கும், அவற்றில் நடுவராக அமரும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

மாமியாரா மருமகளா என்பதோடு நின்றுவிடாமல் உலக அரசியலையும் மேடையேற்றும் உங்கள் துணிச்சலை மதிக்கிறோம். ஆனால் அணு ஆயுதம் தலைப்பாகும்போது மட்டும் மேடை ஒரே தடத்தில் ஓடி முடிகிறது. "தலைவர்களின் வெறிதான் காரணம்" என்று ஓர் அணி. "வல்லரசுகளின் ஆணவம்தான் காரணம்" என்று இன்னோர் அணி. ஹிரோஷிமாவைச் சொல்லிக் கண்கலங்க வைக்கும் மாணவிக்குக் கைதட்டல் கிடைக்கிறது. நடுவர் மனிதநேயத்தைப் போற்றி முடித்துவைக்கிறார். உலகமே ஒதுக்கிவைத்த ஏழை நாடு ஒன்று, பட்டினியைக்கூடத் தாங்கிக்கொண்டு ஏன் குண்டை விடாமல் பிடித்திருக்கிறது என்ற கேள்வியை யாரும் தொடாமலே கூட்டம் கலைகிறது.

குண்டை நியாயப்படுத்த இந்த மடலை எழுதவில்லை. அது எந்த நாட்டின் கையிலும் இருக்கக் கூடாது என்பதே எங்கள் நிலை. ஆனால் "பைத்தியம்" என்று பெயர் வைத்துவிட்டால் அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை என்று பிள்ளைகளுக்கு நாமே கற்றுக்கொடுத்துவிடுகிறோம். தனித்து விடப்பட்ட அரசுகள் கணக்குப் போட்டுத்தான் இந்த முடிவுக்கு வருகின்றன. அந்தக் கணக்கைப் பிரித்துக் காட்டும் வேலையைப் பட்டிமன்றம் செய்ய முடியும்.

ஊர்விலக்கு என்றால் என்னவென்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடையில் சாமான் கொடுக்கக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது, பேசினால் அபராதம். சட்டத்துக்குப் புறம்பான கொடுமை அது. ஆனால் அது எங்கே வேலை செய்கிறது, எங்கே செய்யவில்லை என்று பாருங்கள். ஊருக்குள் நிலம், கடை, சம்பந்தம் எல்லாம் வைத்திருக்கும் குடும்பம், "ஒதுக்கிவைப்போம்" என்ற பேச்சு எழுந்த அன்றே மந்தைக்கு வந்து நிற்கும். பத்து வருடமாக ஒதுக்கிவைக்கப்பட்ட குடும்பமோ பக்கத்து ஊர்ச் சந்தையில் சாமான் வாங்கப் பழகியிருக்கும், பெண்ணை வெளியூரில் கொடுத்திருக்கும். அதனிடம் ஊர் இனிமேல் பறிப்பதற்கு எதுவும் இல்லை. அடுத்த ஊரில் வசதியான பங்காளி ஒருவர் இருந்து, இந்தக் குடும்பம் நொடித்தால் பாரம் தன் வாசலில் வந்து விழும் என்று அவர் பயந்தால், இரவோடு இரவாக மூட்டை போய்ச் சேரும். வடகொரியாவுக்குச் சீனா இப்படிப்பட்ட பங்காளி. ஒப்புமை ஓர் இடத்தில் முறிகிறது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். ஒதுக்கப்பட்ட குடும்பம் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகலாம். நாடுகளுக்கு மேலே அப்படியொரு காவல் நிலையம் கிடையாது. அதனால்தான் ஆயுதம் தேடுகிறார்கள்.

இனி நாடுகளுக்கு வருவோம். எந்த நாட்டைப் பற்றிப் பேசினாலும் மாணவர் ஓர் அட்டையில் நான்கு விஷயங்களை எழுதிக்கொண்டு மேடை ஏறட்டும். எதிரி யார், எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்? காப்பாற்றுவதாகச் சொன்னவர் யார், எப்போது கைவிட்டார்? தடை வந்தால் இழப்பதற்கு அந்த நாட்டிடம் என்ன இருந்தது? திட்டத்தை நிறுத்தினால் என்ன கிடைக்கும் என்று யார் சொன்னார்கள், சொன்னவரை எதற்காக நம்ப வேண்டும்? இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் பேச்சு வெறும் உணர்ச்சியாகிவிடுகிறது.

வடகொரியாவைப் பற்றிப் பேசுவோர் 2006இல், அதாவது முதல் வெடிப்புச் சோதனையில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் 1990. தென்கொரிய மண்ணில் 1958 முதல் அமெரிக்க அணு ஆயுதங்கள் இருந்தன. 1991இல்தான் அவை அகற்றப்பட்டன. அதுவரை வடக்கின் தெம்பு மாஸ்கோவும் பெய்ஜிங்கும். 1990இல் சோவியத் ஒன்றியம் தென்கொரியாவுடன் தூதரக உறவு வைத்தது. பிறகு சலுகை விலையை நிறுத்தி, எண்ணெய்க்கு அந்நியச் செலாவணி கேட்டது. 1992இல் சீனாவும் தென்கொரியாவை அங்கீகரித்தது. பதிலுக்கு அமெரிக்காவோ ஜப்பானோ வடக்கை அங்கீகரிக்கவில்லை. இரண்டே ஆண்டில் இரண்டு காப்பாளர்களும் எதிரி வீட்டில் விருந்துக்கு உட்கார்ந்துவிட்டார்கள். வடக்கின் யோங்பியோனில் சிறிய அணு உலை 1986 முதலே ஓடிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் அது பேரம்பேசும் சரக்கிலிருந்து உயிர்க்காப்பாக மாறியதைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு ஆண்டுகள் வேண்டும்.

அடுத்து நடந்தவற்றைத் தேதி வாரியாகச் சொல்லவைத்தால் மாணவருக்கே பாதி விளங்கிவிடும். வடகொரியா 1985இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 1992இல் பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் உள்ளே போனார்கள். ஒரே ஒரு முறை, குண்டுக்கு உதவும் புளூட்டோனியம் சுமார் 90 கிராம் பிரித்ததாக வடகொரியா கணக்குக் காட்டியது. மாதிரிகளைச் சோதித்தபோது, ஒரு முறை அல்ல, பல ஆண்டுகளில் பல முறை பிரித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. கழிவு வைத்திருந்த இரண்டு இடங்களைப் பார்க்க முகமை கேட்டது. மறுத்த வடகொரியா 1993 மார்ச் 12 அன்று ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. விலகலுக்கு மூன்று மாத முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது ஒப்பந்தத்தின் 10ஆம் பிரிவு. அந்தக் கெடு முடிய ஒரு நாள் இருந்தபோது, ஜூன் 11 அன்று, விலகலை நிறுத்திவைத்தது. வெறிபிடித்தவர்கள் கடைசி நாளுக்கு முந்தைய நாள்வரை பொறுத்திருந்து பேரம் பேசுவதில்லை.

1994இல் அமெரிக்கா யோங்பியோனைக் குண்டுவீசித் தகர்க்க ஆலோசித்தது, ஆனால் செய்யவில்லை. எல்லைக்கோட்டிலிருந்து சியோல் நகரம் சுமார் 50 கிலோமீட்டர். அதாவது மதுரைக்கும் மேலூருக்கும் உள்ளதைப்போல இரண்டு மடங்கு தொலைவுக்குள், பீரங்கிக் குண்டுகள் எட்டும் இடத்தில் கோடிக்கணக்கான மக்கள். இந்தக் கவசம்தான் குண்டு தயாராகும்வரை வடகொரியாவைக் காத்தது. இந்தப் புள்ளியை எந்த அணியும் தொடுவதில்லை, தொட்டே ஆக வேண்டும். திட்டம் தொடங்கிய நாளுக்கும் குண்டு கைக்கு வரும் நாளுக்கும் இடைப்பட்ட காலம்தான் ஒரு நாட்டுக்கு மிக ஆபத்தானது. அந்த இடைவெளியைக் கடக்க வேறொரு கவசம் இல்லாத இராக்கின் ஒசிராக் உலையை 1981 ஜூன் 7 அன்று இஸ்ரேல் தகர்த்தது. சிரியாவில் கட்டிக்கொண்டிருந்த உலைக்கும் 2007 செப்டம்பரில் அதுவே நேர்ந்தது. (ஒசிராக்கை அடித்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று முடிப்பதும் தவறு. அதற்குப் பிறகு இராக் இன்னும் பெரிதாக, இன்னும் இரகசியமாகத் திட்டத்தை வளர்த்தது 1991 போருக்குப் பின்தான் வெளியே தெரிந்தது.)

குண்டுவீச்சுக்குப் பதிலாக 1994 அக்டோபரில் ஓர் உடன்பாடு வந்தது. வடகொரியா யோங்பியோனை நிறுத்தும். பதிலுக்கு மொத்தம் சுமார் 2,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு மென்னீர் உலைகள் (சாதாரண நீரைப் பயன்படுத்தும் மின் உலைகள்) கட்டித்தரப்படும். அவை முடியும்வரை ஆண்டுக்கு 5 லட்சம் டன் உலை எண்ணெய் வரும். உறவும் படிப்படியாகச் சீராகும். இலக்கு ஆண்டு 2003. எண்ணெய் அடிக்கடி தாமதமாக வந்தது. உலைக்கு முதல் கான்கிரீட் போட்டதே 2002 ஆகஸ்டில். மறுபக்கத்தில் வடகொரியாவும் நேர்மையாக இல்லை. பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.க்யூ.கானின் கள்ளச்சந்தை வலையமைப்பு வழியாக, யுரேனியத்தைக் குண்டுக்கு ஏற்றதாக்கும் செறிவூட்டல் தொழில்நுட்பத்தை மறைவாகப் பெற்றுவந்தது. 2002 ஜனவரியில் அமெரிக்க அதிபர் புஷ் "தீமையின் அச்சு" என்று இராக், ஈரானோடு வடகொரியாவையும் சேர்த்துப் பட்டியலிட்டார். அக்டோபரில் செறிவூட்டல் விவகாரம் வெடித்தது. ஆண்டு முடிவதற்குள் எண்ணெய் நின்றது, ஆய்வாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2003 ஜனவரி 10 அன்று வடகொரியா பரவல் தடை ஒப்பந்தத்தைவிட்டு விலகியது. மார்ச்சில், அதே பட்டியலில் இருந்த இராக்குக்குள் அமெரிக்கப் படை நுழைந்தது. அங்கே அணுகுண்டும் இல்லை, தேடிப்போன மற்ற பேரழிவு ஆயுதக் கிடங்குகளும் இல்லை. இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் "ஆயுதத்தைக் கீழே வை, ஒன்றும் செய்ய மாட்டோம்" என்று சொன்னால் எப்படி ஏறும்?

2005 செப்டம்பர் 19 அன்று ஆறு நாடுகள் பெய்ஜிங்கில் கூட்டறிக்கை வெளியிட்டன, அணு ஆயுதங்களைக் கைவிட வடகொரியா ஒப்புக்கொண்டது. அதே வாரத்தில் அமெரிக்க நிதித்துறை மக்காவ் வங்கி ஒன்றின்மீது நடவடிக்கை எடுத்ததால், அங்கிருந்த வடகொரியக் கணக்குகளில் சுமார் 2.5 கோடி டாலர் முடங்கியது. பேச்சு முறிந்தது. 2006 அக்டோபர் 9 அன்று முதல் சோதனை. ஒரு கை கொடுக்க, மறு கை பிடுங்கியது. அழுத்தம் தோற்பதற்கு இது முக்கியமான காரணம். வாஷிங்டனில் பேச்சு நடத்துவது ஒரு துறை, தடை விதிப்பது வேறொரு துறை, இரண்டுக்கும் பணம் ஒதுக்குவது நாடாளுமன்றம். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இது குழப்பமாகத் தெரியாது, சூழ்ச்சியாகவே தெரியும்.

தடைகளைப் பற்றிப் பேசும்போது "தடை போட்டார்கள், பலிக்கவில்லை" என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். தடை என்பது ஒற்றைக் கதவல்ல. கண்மாய்க்குப் பல மடைகள் இருப்பதுபோல, எந்த மடையை எவ்வளவு அடைத்தார்கள், எது திறந்தே இருந்தது என்று பார்க்க வேண்டும். 2006இன் ஐ.நா. தீர்மானம் 1718 ஆயுதங்களையும் ஆடம்பரப் பொருள்களையும்தான் தடுத்தது. நாட்டின் வயிற்றில் அடிக்கும் தடைகள் 2016, 2017இல்தான் வந்தன. முதலில் நிலக்கரி, பிறகு கடலுணவு, ஜவுளி. 2017 டிசம்பரின் தீர்மானம் 2397 சுத்திகரித்த எண்ணெயை ஆண்டுக்கு 5 லட்சம் பீப்பாய் என்று கட்டுப்படுத்தியது, வெளிநாடுகளில் வேலைபார்க்கும் வடகொரியத் தொழிலாளர்களை 24 மாதங்களில் திருப்பி அனுப்பச் சொன்னது. அதற்குள் ஆறு சோதனைகள் முடிந்துவிட்டன. நோய் முற்றிய பிறகு பத்தியம். அப்போதும் நடுக்கடலில் கப்பலுக்குக் கப்பல் எண்ணெய் மாற்றினார்கள், கப்பலின் இருப்பிடம் காட்டும் கருவியை அணைத்துவைத்தார்கள், வேறு நாட்டுக் கொடியின்கீழ் ஓடினார்கள். வங்கிகளையும் மின்னணு நாணயச் சந்தைகளையும் இணையவழியே கொள்ளையடித்தார்கள். 2016இல் வங்கதேச மத்திய வங்கியிலிருந்து 8.1 கோடி டாலர் போனதற்கு வடகொரியாவே பொறுப்பு என்கிறது அமெரிக்கா. இவற்றையெல்லாம் கண்காணித்து அறிக்கை தந்த ஐ.நா. நிபுணர் குழுவின் ஆயுளை 2024 மார்ச்சில் ரஷ்யா தன் ரத்து அதிகாரத்தால் முடித்துவைத்தது.

மடை ஏன் முழுதாக அடைபடவில்லை? வடகொரியாவின் வெளிவணிகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் சீனாவோடுதான். வடகொரியத் தலைநகர் பியோங்யாங்கில் ஆட்சி கவிழ்ந்தால் அகதிகள் யாலு ஆற்றைக் கடந்து வருவார்கள், அமெரிக்கப் படை தன் எல்லைவரை வந்துவிடும் என்று சீனா அஞ்சுகிறது. அணுகுண்டு வைத்திருக்கும் வடகொரியா அதற்குத் தலைவலி. சிதறிப்போன வடகொரியா அதைவிடப் பெரிய தலைவலி. அதனால் கழுத்தை இறுக்கும், மூச்சு நிற்கும்வரை இறுக்காது. அங்கே ஆட்சி நடத்தும் கிம் குடும்பத்துக்கு இது நன்றாகத் தெரியும்.

தடையின் வலி யார்மேல் விழுகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். 1990களின் நடுவில் அங்கே கொடும்பஞ்சம், லட்சக்கணக்கில் சாவு. ஆட்சி அசையவில்லை. உண்மையான தேர்தல் இல்லாத, சுதந்திரமான செய்தித்தாள் இல்லாத நாட்டில் மக்களின் பசி அரசியல் அழுத்தமாக மாறுவதற்கு வழியே இல்லை. பொருள் தட்டுப்பாடு வந்தால், இருக்கும் கொஞ்சத்தைப் பங்கிடும் அதிகாரம் ஆட்சியாளரின் கையில் இன்னும் பலமாகிறது. கடத்தலுக்கு அனுமதி வைத்திருக்கும் அதிகாரி தடையால் பணக்காரர் ஆகிறார். சந்தையில் துணி விற்கும் பெண் தடையால் கடையைக் கட்டுகிறார்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் நடுவர்கள் கேட்டு வாங்க வேண்டும். "அழுத்தம் எங்கும் பலிக்காது" என்று ஓர் அணி அடித்துப் பேசினால், தென்கொரியாவைக் கேளுங்கள். 1970இல் அமெரிக்கா 20,000 வீரர்களைத் திருப்பி அழைக்க முடிவெடுத்தது. மறு ஆண்டே ஒரு முழுப் படைப்பிரிவு வெளியேறியது. கைவிடப்படுவோம் என்று அஞ்சிய அதிபர் பார்க் சுங்-ஹீ இரகசிய ஆயுதத் திட்டம் தொடங்கினார். பிரான்சிடம் புளூட்டோனியம் பிரிக்கும் ஆலை வாங்கப் பேசினார். அமெரிக்கா கூட்டணியையும் கடனையும் காட்டி மிரட்டியது. 1975இல் தென்கொரியா பரவல் தடை ஒப்பந்தத்தை உறுதிசெய்தது, 1976 தொடக்கத்தில் ஆலைப் பேரம் ரத்தானது. அதே பயம், அதே தீபகற்பம். ஆனால் இங்கே இழப்பதற்கு ஏற்றுமதி இருந்தது, கடன் இருந்தது, வாசலில் அமெரிக்கப் படை இருந்தது. தைவானிலும் 1988இல் ஏறக்குறைய இதே கதை. இப்படி மிரட்டலிலேயே அடங்கியவை செய்தியாவதில்லை. தடை கடைசிவரை போன நாடுகள் மட்டும் கண்ணில் படுவதால், தடையே பயனற்றது என்று தோன்றுகிறது. தேர்வில் தோற்றவர்களை மட்டும் எண்ணிவிட்டுப் பள்ளியை மதிப்பிடுவது போன்ற பிழை இது.

தென்னாப்பிரிக்காவை நிதானமாகப் பேச வேண்டும். நிறவெறி அரசு 1970களில் உலகத்தால் ஒதுக்கப்பட்டது. 1977இல் ஐ.நா. ஆயுதத்தடை விதித்தது. அதே ஆண்டு கலகாரி பாலைவனத்தில் சோதனைக் குழிகள் தோண்டியது வெளியே தெரிந்து உலகம் அதட்டியது. சோதனையைக் கைவிட்டார்கள், திட்டத்தைக் கைவிடவில்லை. சொந்த மண்ணில் யுரேனியம், அங்கோலாவில் கியூபப் படை, உதவிக்கு வரும் என்று நம்பும்படியான நட்பு நாடு எதுவும் இல்லை. ஆறு குண்டுகள் செய்து முடித்தார்கள், ஏழாவது பாதியில் இருந்தது. 1988 டிசம்பரில் கியூபப் படை வெளியேற உடன்பாடு, நமீபியாவுக்கு விடுதலை, சோவியத் அச்சம் நீங்கல், பெரும்பான்மை ஆட்சி வரப்போகிறது என்ற தெளிவு. இத்தனையும் கூடிவந்த பிறகே அதிபர் டி கிளர்க் குண்டுகளைக் கலைக்க உத்தரவிட்டார். 1991இல் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்து, 1993 மார்ச் 24 அன்று நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகச் சொன்னார். தானே செய்த குண்டைத் தானே கலைத்த ஒரே நாடு இது. ஒதுக்கியது குண்டைத் தூண்டியது என்பதும் உண்மை, ஒதுக்கல் நீங்கி மறுபடி உலகத்தோடு சேரும் ஆசை குண்டைக் கலைக்க உதவியது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்த மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

அடிக்கடி தவறாகக் கையாளப்படும் இரண்டு எடுத்துக்காட்டுகள் லிபியாவும் உக்ரைனும். "கடாபி குண்டைக் கொடுத்தார், கொல்லப்பட்டார்" என்கிறார்கள். லிபியத் தலைவர் கடாபியிடம் குண்டு இருந்ததே இல்லை. கான் வலையமைப்பிடம் வாங்கிய மையவிலக்கு (யுரேனியத்தைச் செறிவூட்டும் எந்திரம்) உதிரிபாகங்கள் பெரும்பாலும் பெட்டியில்தான் கிடந்தன. 2003 அக்டோபரில் அந்த உதிரிபாகங்களோடு லிபியா நோக்கிப் போன கப்பல் ஒன்று மறிக்கப்பட்டது. டிசம்பர் 19 அன்று திட்டத்தைக் கைவிடுவதாக லிபியா அறிவித்தது. பலனும் கிடைத்தது: தடைகள் நீங்கின, எண்ணெய் நிறுவனங்கள் வந்தன. ஆனால் 2011இல் உள்நாட்டுக் கிளர்ச்சி வெடித்தபோது நேட்டோ விமானங்கள் வந்தன. அக்டோபர் 20 அன்று கடாபி கொல்லப்பட்டார். குண்டுவீச்சு தொடங்கிய அதே மார்ச் மாதமே, லிபியாவின் ஆயுதக் களைவு ஏமாற்று வேலை என்று வடகொரிய வெளியுறவுத் துறை சொல்லிவிட்டது. 2018இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் போல்டன், வடகொரியாவுக்கு "லிபியா மாதிரி" என்று வாய்விட்டபோது பியோங்யாங் கொதித்ததற்குக் காரணம் இதுதான். உக்ரைன் விஷயத்தில், சோவியத் விட்டுச்சென்ற சுமார் 1,900 நெடுந்தூர அணுமுனைகள் அதன் மண்ணில் இருந்தன, ஆனால் ஏவும் கட்டளை மாஸ்கோவிடம் இருந்தது. அவற்றை விட்டுக்கொடுப்பதற்கு ஈடாக 1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்டில் கையெழுத்தானது, எல்லையை மதிப்போம் என்ற 'உறுதிமொழி'தான், தாக்கினால் படையோடு வருவோம் என்ற ஒப்பந்தம் அல்ல. 2014இலும் 2022இலும் ரஷ்யா அதை மீறியது. இந்த நுணுக்கங்கள் வடகொரியாவிலோ ஈரானிலோ முடிவெடுப்பவருக்கு முக்கியமில்லை. விட்டவர் கதி என்ன என்று மட்டும்தான் அவர் பார்க்கிறார். மேடையில் பேசும் மாணவர் இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும்: நடந்தது என்ன, அதை மற்றவர்கள் எப்படிப் படித்தார்கள்.

ஈரானைப் பேசும்போது எண்களைத் தவிர்க்க முடியாது. இயற்கை யுரேனியத்தில் பிளவுபடும் வகை 0.7 சதவீதம்தான். நமக்குத் தெற்கே கூடங்குளத்தில் எரியும் எரிபொருளில் அது 5 சதவீதத்துக்கும் குறைவு, ஆயுதத்துக்குச் சுமார் 90 சதவீதம். கேட்பவர் 5க்கும் 90க்கும் இடையே மலையளவு தூரம் என்று நினைத்துக்கொள்கிறார். உழைப்பில் பெரும்பங்கு முதல் 5 சதவீதத்தை எட்டுவதற்குள்ளேயே செலவாகிவிடுகிறது. 60ஐத் தொட்டவருக்கு மிச்சம் கொஞ்சதூரம்தான். அதனால்தான் ஈரானும் உலக வல்லரசுகளும் செய்த 2015 ஜூலை 14 உடன்பாடு 3.67 சதவீதம், 300 கிலோ இருப்பு, சுமார் 19,000 மையவிலக்குகளிலிருந்து 6,104 என்று ஒவ்வொன்றுக்கும் எல்லை கட்டியது. ஒரு குண்டுக்குத் தேவையான யுரேனியத்தைச் சேர்க்க இரண்டு மூன்று மாதம் என்றிருந்த இடைவெளி ஓராண்டானது. ஆய்வாளர்கள் நாள்தோறும் உள்ளே இருந்தார்கள். ஈரான் எல்லைக்குள் நின்றிருந்தபோதே, 2018 மே 8 அன்று அமெரிக்கா விலகித் தடைகளைத் திரும்பக் கொண்டுவந்தது. ஓராண்டு பொறுத்த ஈரான் 2019 ஜூலையில் 4.5 சதவீதத்துக்குப் போனது. 2020 நவம்பரில் அதன் அணு விஞ்ஞானி கொல்லப்பட்டார், 2021 ஜனவரியில் 20 சதவீதம். 2021 ஏப்ரலில் நத்தான்ஸ் ஆலையில் நாசவேலை, அடுத்த சில நாள்களில் 60 சதவீதம். ஒவ்வொரு அடிக்கும் ஒரு படி. 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் குண்டுவீசியபோது 60 சதவீதச் சரக்கு 400 கிலோவுக்கு மேல் சேர்ந்திருந்தது. தாக்குதலுக்குப் பிறகு அது எங்கே எந்த நிலையில் இருக்கிறது என்று முகமையால் உறுதிசெய்ய முடியாமல் போனது. கட்டடத்தை இடிக்கலாம். கண்காணிப்பையும் சேர்த்து இடித்துவிட்டால் என்ன மிஞ்சியது என்று எண்ணுவதற்கு ஆள் இல்லை.

ஈரான் வாசலில் நின்றுகொண்டே ஏன் பல ஆண்டுகள் உள்ளே போகாமல் இருந்தது? வடகொரியாவைப்போல அது முழுக்க ஒதுங்கியதில்லை. எண்ணெய் விற்க வேண்டும், படித்த நடுத்தர வர்க்கத்துக்கு வேலை வேண்டும், தேர்தலில் அதிபர்கள் மாறினார்கள். இழக்க இருந்தது. 1980 முதல் 1988 வரையான போரில் இராக்கின் சதாம் வேதிக்குண்டு வீசியபோது உலகம் பேசாமல் இருந்ததை மறக்காத நாடும் அதுவே. அட்டையின் இரண்டாம் கேள்விக்கு அங்கே "யாரும் இல்லை" என்பதே பதில்.

இனி நம் வீட்டு விஷயம். சீனா 1964 அக்டோபர் 16 அன்று அணுகுண்டு வெடித்தது, 1962 தோல்வி முடிந்து இரண்டு வருடம்கூட நிறையவில்லை. இந்தியாவுக்கு அடைக்கலம் தர எந்த வல்லரசும் முன்வரவில்லை. 1967 ஜனவரி 1க்கு முன் வெடித்தவருக்கு மட்டும் உரிமை என்று கோடு போட்ட பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1974 பொக்ரானுக்குப் பிறகு தாராப்பூர் அணுமின் நிலையத்துக்கான எரிபொருள் சிக்கலானது, அணுப்பொருள் வழங்கும் நாடுகள் கூடித் தனிக்குழு அமைத்தன. 1998 மே சோதனைகளுக்குப் பின் தடை வந்தது. மூன்றே ஆண்டில், 2001 செப்டம்பரில், அமெரிக்கா அதை நீக்கியது. 2008இல் அதே குழு இந்தியாவுக்கு விலக்கு கொடுத்தது. சந்தை பெரிது, சீனாவுக்கு எதிர் எடை தேவை. பாகிஸ்தானுக்கு இன்னும் அப்பட்டமான பாடம். 1971 தோல்விக்குப் பின் அதிபர் பூட்டோ குண்டு செய்வதற்காக முல்தானில் விஞ்ஞானிகளைக் கூட்டினார். 1979 ஏப்ரலில் அந்தத் திட்டத்துக்காக அமெரிக்கா உதவியை வெட்டியது. டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் வந்ததும் 1981இல் 320 கோடி டாலர் உதவி வந்தது. போர் முடிந்து சோவியத் வெளியேறியதும் 1990இல் மறுபடி வெட்டு, காசு கட்டிய விமானங்கள்கூடக் கைக்கு வரவில்லை. தேவை வந்தால் மன்னிப்பார்கள், தேவை தீர்ந்தால் தண்டிப்பார்கள் என்று பியோங்யாங்கும் தெஹ்ரானும் இதிலிருந்து கற்றுக்கொண்டன.

அப்துல் கலாமைப் போற்றிவிட்டு, மூச்சு விடாமல் வடகொரிய விஞ்ஞானியைக் கொடியவர் என்று முடிக்கும் மாணவரை நடுவர் நிறுத்திக் கேட்க வேண்டும். இரண்டும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. ஜனநாயகமும் கொடுங்கோன்மையும் ஒன்றல்ல, கையெழுத்திடாமல் இருப்பதும் கையெழுத்திட்டு ஏமாற்றுவதும் ஒன்றல்ல. ஆனால் பயம் ஒரே வகை. வேறுபாடு எங்கே என்று அந்த மாணவரே வாய்திறந்து சொல்லட்டும், அதுதான் விவாதம்.

பயம் மட்டுமே காரணம் என்று நிறுத்திவிடுவதும் சரியல்ல. ஸ்காட் சேகன் என்ற அமெரிக்க அறிஞர் 1996இல் மூன்று காரணங்களைப் பிரித்துக்காட்டினார்: பாதுகாப்பு, உள்நாட்டு அரசியல், மதிப்பு. ஒதுக்கப்பட்ட நாட்டில் இரண்டாவது காரணம் வேகமாகக் கொழுக்கிறது. திட்டம் தொடங்கிய சில ஆண்டுகளில் அதற்கென்று ஆய்வகம், படைப்பிரிவு, சம்பளம், பதவி, பதக்கம் என்று ஒரு கூட்டமே உருவாகிவிடும். வெளியே எதிரி இருக்கும்வரைதான் அந்தக் கூட்டத்துக்குச் சோறு. தடை வரும்போது அவர்கள் "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரி" என்பார்கள். வடகொரியா 2013இல் பொருளாதாரமும் அணு ஆயுதமும் சேர்ந்தே வளரும் என்று கொள்கை அறிவித்தது. 2023இல் அணு ஆயுதப் படையை வளர்க்கும் கொள்கையை அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது. எழுதிய பிறகு அதை விடச் சொல்வது, ஆட்சியை விடச் சொல்வதற்குச் சமம்.

எனவே எங்கள் கோரிக்கைகள். "வெறியா, ஆணவமா" என்று தலைப்பு வைக்காதீர்கள். "தடை, குண்டு செய்வதைத் தாமதிக்கிறதா, தூண்டுகிறதா?" என்று வையுங்கள், அல்லது "1994 உடன்பாடு முறிந்ததில் பெரும்பங்கு யாருடையது?" என்று ஒரே நிகழ்வுக்குள் சுருக்குங்கள். தலைப்பு சுருங்கினால்தான் பிள்ளைகள் தேதியைத் தேடிப் போவார்கள். தலைப்பை முந்தின நாள் கொடுக்க வேண்டாம், குறைந்தது இரண்டு வாரம் கொடுங்கள். ஓர் அணிக்கு மூன்று நாடுகளுக்கு மேல் வேண்டாம், அவற்றில் ஒன்று திட்டத்தைக் கைவிட்ட நாடாக இருக்கட்டும். குண்டு செய்த நாடுகளை மட்டும் வைத்துக் காரணம் தேடினால் பதில் எப்போதும் ஒருபக்கம் சாயும். பிரேசிலும் அர்ஜென்டினாவும் 1991இல் ஒருவர் ஆலையை ஒருவர் சோதிக்கக் கூட்டு அமைப்பு தொடங்கியதைப் பேச நம் மேடைகளில் ஆளில்லை. நல்ல மாணவர் ஒருவருக்கு அதை ஒதுக்குங்கள். மதிப்பெண்ணில் நூற்றுக்கு முப்பதாவது காலவரிசைக்கு வையுங்கள். எது முதலில், எது பின்னால் என்று தெரியாமல் "அதனால்" என்ற சொல்லைப் பயன்படுத்தும் பேச்சுக்கு அந்த முப்பதில் கைவையுங்கள், குரல் எவ்வளவு கணீரென்று இருந்தாலும்.

இறுதிச் சுற்றில் இரு அணித் தலைவர்களையும் அருகே அழைத்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "2003 ஜனவரி 9 இரவு, பியோங்யாங்கில் முடிவெடுக்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். விலகல் அறிவிப்பு மேசையில் இருக்கிறது. யார் என்ன கொடுத்திருந்தால் அதில் கையெழுத்திட மாட்டீர்கள்? கொடுப்பவர் நாளை மாறமாட்டார் என்று எதை வைத்து நம்புவீர்கள்?" பதில் சொல்ல ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள். அதற்குப் பிறகு தீர்ப்பை எழுதுங்கள்.

அன்புடன்,
மதுரையில் பன்னாட்டு அரசியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்